பழைய ரிவால்வரும் ஏழையின் கணக்கும்

(மேலகரத்தில் விவசாயிகள், தொழிலாளர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். கூலி உயர்வு, குத்தகை, குடிதண்ணீர் என்று பேச வேண்டிய மேடையில் ரிவால்வரைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பார்கள். ஆனால், ஜனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எந்தப் பிரச்னையும் நமக்கு அந்நியமல்ல. "கையில் அதிகப் பணமில்லை. பழைய ரிவால்வர் ஒன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாமே" என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தோட்டத்துக்குள் பன்றி வருகிறது என்கிறார் ஒருவர். கடையை அடைத்துவிட்டு இரவில் பணத்தோடு தனியே வீடு திரும்ப வேண்டியிருக்கிறது என்கிறார் இன்னொருவர். ஊரில் பகை இருக்கிறது, பயமாக இருக்கிறது என்கிறார் மூன்றாமவர்.

இந்தப் பயத்தை நாம் கேலி செய்யப் போவதில்லை. பயம் உண்மையானது. அந்தப் பயத்துக்கு மருந்து ரிவால்வர்தானா, அதற்கு என்ன விலை, அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்று கணக்குப் பார்க்கவே கூடியிருக்கிறோம்.

ஆயுதம் யார் கையில் இருந்தது?

இந்தச் சீமையில் ஒரு காலத்தில் ஆயுதமில்லாத வீடே கிடையாது. நெற்கட்டும்செவலும் சொக்கம்பட்டியும் சிவகிரியும் பாளையங்களாக இருந்த பூமி இது. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801இல் ஊமைத்துரையையும் மருது சகோதரர்களையும் ஒழித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் மாதம் கும்பினி சர்க்கார் ஒரு பிரகடனம் வெளியிட்டது. கோட்டைகளை இடிக்க வேண்டும், ஜனங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அன்று தொடங்கியது நம் நாட்டு மக்களை நிராயுதபாணியாக்கும் வேலை.

அதன் பின் 1878இல், லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வாங்க வேண்டும்; ஐரோப்பியனுக்கு விதிவிலக்கு! ஒரே நாட்டில் தோலின் நிறத்துக்கு ஒரு சட்டம். இந்தியர்களிலும் சர்க்காரின் தயவைப் பெற்ற ஜமீன்தாருக்கும் மிட்டாதாருக்கும் துப்பாக்கி கிடைத்தது. அவர்களுடைய நிலத்தை உழுதவனுக்குக் கிடைக்கவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு 1959இல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறியது. 1962 அக்டோபரில் அது அமலுக்கு வந்தது. நிற பேதம் ஒழிந்தது. அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் பண பேதம் ஒழிந்ததா? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் துப்பாக்கி யார் பக்கம் இருந்தது, குடிசைக்குள் வெந்து மடிந்த 44 பேர் யார் பக்கம் இருந்தார்கள் என்பதைத் தமிழ்நாடு மறக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தோழர்களே, 1959ஆம் வருஷச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது. மனுதாரருக்குப் போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது அது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மனுதாரர் கேட்டால், பொதுநலத்துக்குப் பாதகமென்று கருதினாலொழிய, அதைக் கொடுக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. ஆகவே "உனக்கு என்ன ஆஸ்தி இருக்கிறது, உனக்கெதற்கு லைசென்ஸ்?" என்று ஓர் அதிகாரி கேட்டால், அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை என்று நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

ஆனால் இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 13ஆம் பிரிவு விவசாயிக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உண்மையாகவே தேவைப்பட்டால், வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்கிறது. தற்காப்புக்கென்றால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கிக்கும் அதே சலுகை. ரிவால்வர் இந்தச் சலுகையில் சேராது. அதற்குத் தக்க காரணம் இருக்கிறதென்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். எனவே "வயலுக்குப் பன்றி வருகிறது, ரிவால்வர் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால், மனு மேஜையைத் தாண்டாது.

21 வயது நிறைய வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்குச் சான்றும் வேண்டும். இவ்வளவும் முடிந்து, மாவட்ட ஆட்சியர் கையெழுத்திட்ட பிறகுதான் கடைவாசலில் கால் வைக்க முடியும். லைசென்ஸ் முதலில், ரிவால்வர் பிறகு. இந்த வரிசையை மாற்றச் சொல்கிறவன் யாராக இருந்தாலும் அவன் உங்களைச் சிறைக்கு அனுப்புகிறான் என்று பொருள்.

விலை என்ன?

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். பெண்களின் பாதுகாப்புக்கென்றே செய்ததாகச் சொல்லி, 2014 ஜனவரியில் கான்பூர் சர்க்கார் தொழிற்சாலை "நிர்பீக்" என்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. டில்லியில் கொடுமைக்கு ஆளாகி மாண்ட அந்தப் பெண்ணுக்கு நாடு சூட்டிய பெயரை நினைவூட்டும்படி வைத்த பெயர். எடை சுமார் அரைக் கிலோ. விலை 1,22,360 ரூபாய்!

அப்போது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 148 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் 827 நாள் மண் சுமந்தால் அந்த ரிவால்வரின் விலை தேறும். வருஷத்துக்கு நூறு நாள் வேலை முழுதாகக் கிடைத்தாலும், ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்காமல் எட்டு வருஷத்துக்கு மேல் சேர்க்க வேண்டும். இது யாருடைய பாதுகாப்புக்குச் செய்த ஆயுதம்? பஸ் நிறுத்தத்தில் இருட்டில் நிற்கும் பீடித் தொழிலாளிப் பெண்ணுக்கா, பங்களாவாசிக்கா?

விலையோடு வரியும் ஏறியிருக்கிறது. ரிவால்வர் மீது 28 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவிகிதமாகியது.

"சரி, புதியதுதானே இந்த விலை? பழையதை வாங்கினால் மலிவாகுமே" என்பீர்கள். சைக்கிளுக்கும் தையல் மிஷினுக்கும் அந்த நியாயம் பொருந்தும். ரிவால்வருக்குப் பொருந்துவதில்லை. வெளிநாட்டு ஆயுதத்தைத் தனி நபர்கள் இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. அதனால் அதற்கு முன் வந்திறங்கிய வெப்ளி ஸ்காட், ஸ்மித் வெஸ்ஸன் போன்ற பழைய ரிவால்வர்களுக்குப் பணக்காரர்களிடையே போட்டி. தாத்தா காலத்துச் சரக்குக்குப் புதியதைவிடக் கூடுதலாக, லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். பற்றாக்குறை எங்கே இருக்கிறதோ அங்கே பழசும் பொன்னாகும். அது முதலாளித்துவச் சந்தையின் சுபாவம்.

ஓரளவு மலிவாகக் கிடைப்பது நம் நாட்டிலேயே செய்த 0.32 அங்குல ரிவால்வர்தான். 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று ஆயுதம் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் அல்லது முறைப்படி விற்க வேண்டும் என்று ஆயிற்று. லைசென்ஸ்தாரர் இறந்துபோனால், லைசென்ஸ் இல்லாத வாரிசு அந்த ஆயுதத்தைப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பழைய ரிவால்வர் நியாயமாகச் சந்தைக்கு வரும் வழிகள் இவைதாம்.

வாங்கியே தீர வேண்டுமென்றால்

உண்மையான ஆபத்து உள்ளவர்கள் உண்டு. லைசென்ஸும் பெற்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஏமாறாமலிருக்கச் சில விஷயங்கள் சொல்கிறோம்.

முதலாவதாகக் காகிதத்தைப் பாருங்கள். இரும்பை அப்புறம் பார்க்கலாம். விற்பவரின் லைசென்ஸில் தனி அடையாள எண் இருக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் ரிவால்வர் எண்ணும், ஆயுதத்தில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணை ராவியோ, மறுபடி அடித்தோ இருந்தால் தொடாமல் எழுந்து வாருங்கள்.

இரண்டாவது, தனியார் ஒருவர் தம் ஆயுதத்தை இன்னொருவருக்கு விற்பதானால், மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ, அருகிலுள்ள போலீஸ் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற வேண்டும். "இன்றைக்கே பணத்தைக் கொடு, இன்றைக்கே எடுத்துக்கொள்" என்று அவசரப்படுத்தும் விற்பனையில் கோளாறு இருக்கிறது.

மூன்றாவது, ரிவால்வரை லைசென்ஸ் பெற்ற வியாபாரியின் கடையில், ஆயுதம் பழுதுபார்க்கத் தெரிந்த தொழிலாளி கையால் சோதிக்கச் சொல்லுங்கள். குண்டு இல்லையென்று முதலில் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். குழலின் உட்புறம் துருவால் குழிந்திருக்கிறதா? குண்டு நிற்கும் உருளை ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து அசையாமல் நிற்கிறதா, ஆடுகிறதா? மேலே இழுத்து நிறுத்திய சுத்தியல், விரலால் தள்ளினால் தானே விழுந்துவிடுகிறதா? உருளை நேராக நிற்காவிட்டால் குண்டு குழல்வாயின் விளிம்பில் மோதிச் சிதறும். சுடுகிறவன் கையும் கண்ணும் போகும். துரு போகத் தேய்த்து, புதுப் பூச்சுப் பூசி, பளபளவென்று காட்டினால் மயங்கக் கூடாது. உழவு மாட்டைப் பல் பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு இது புரியாத வித்தையல்ல.

நான்காவது, வாங்கியதோடு செலவு முடியாது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். குண்டுக்குக் கணக்கு உண்டு. பூட்டி வைக்கப் பெட்டகம் வேண்டும். தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஊர் கொந்தளிக்கும் காலத்தில் உங்கள் ரிவால்வர் போலீஸ் பாதுகாப்பில் இருக்கும்!

தரகர் விரிக்கும் வலை

இந்தக் கணக்கையெல்லாம் பார்த்து மலைத்து நிற்பவனிடம்தான் தரகன் வருகிறான். "லைசென்ஸும் வேண்டாம், லட்சமும் வேண்டாம். சில ஆயிரம் கொடு" என்று காதில் ஓதுகிறான். கள்ளப் பட்டறையில் தண்ணீர்க் குழாயை வெட்டிச் செய்த கட்டைத் துப்பாக்கியை, துணியில் சுற்றிக் கையில் திணிக்கிறான்.

தோழர்களே, ஏழைக்கு இதைவிட அதிக விலையுள்ள சாமான் உலகத்தில் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019ஆம் வருஷத் திருத்தத்தின்படி குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் சிறை. செய்கிறவனுக்கும் விற்கிறவனுக்கும் ஏழு வருஷத்தில் தொடங்கி ஆயுள் தண்டனை வரை உண்டு. ஆனால் அகப்படுகிறவன் யார்? பெரும்பாலும் வாங்கி வைத்திருக்கிற ஏழைதான். வக்கீலுக்கு நிலம் போகும், ஜாமீனுக்கு நகை போகும், பிள்ளையின் படிப்பு போகும். இவ்வளவும் போன பிறகும், அந்தக் கட்டைத் துப்பாக்கி ஒருநாள் கையிலேயே வெடிக்காது என்று எவனும் உத்தரவாதம் தர முடியாது.

கைமாறிக் கைமாறி வரும் திருட்டு ஆயுதம் எங்கே போய் முடியும் என்பதை நாடு ஒரு தடவை பார்த்தது. இத்தாலியில் செய்த பழைய பெரெட்டா கைத்துப்பாக்கி ஒன்று பல கைகளைக் கடந்து குவாலியருக்கு வந்தது. 1948 ஜனவரி 28ஆம் தேதி அங்கே அது கொலைகாரன் கைக்குப் போயிற்று. இரண்டே நாளில், டில்லியில் பிரார்த்தனைக்கு நடந்து சென்ற மகாத்மாவின் மார்பில் மூன்று குண்டுகள் பாய்ந்தன. மலிவான ஆயுதம் என்று ஒன்று இல்லை, தோழர்களே. விலையை யாரோ ஒருவர் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள்ளேயும் கொஞ்சம் பாருங்கள். கடன் நெரிக்கும் வீடு, குடி புகுந்த வீடு, அண்ணன் தம்பி வரப்புச் சண்டை உள்ள வீடு. அங்கே அலமாரியில் ஒரு ரிவால்வர் இருந்தால், அது திருடனைச் சந்திப்பதற்கு முன் வீட்டாரைச் சந்தித்துவிடும். தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாஞ்சியின் துப்பாக்கி கற்றுத்தந்த பாடம்

துப்பாக்கியைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேசினால் வாஞ்சிநாதனைப் பற்றிப் பேசாமல் தீராது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டைக்காரர் அவர். திருவிதாங்கூர் வனத்துறையில் சொற்பச் சம்பள உத்தியோகஸ்தர். நீலகண்ட பிரம்மச்சாரியின் ரகசிய சங்கத்துக்குத் தென்காசியிலும் ஆட்கள் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம் வாஞ்சி சுடுவதற்குப் பயிற்சி பெற்றார். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில், கொடைக்கானலுக்குப் போகும் வழியில் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை பெல்ஜியம் நாட்டு பிரௌனிங் துப்பாக்கியால் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கக்கூசுக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு 25 வயது.

அந்த வாலிபனின் உயிர்த்தியாகத்தை நாம் மதிக்கிறோம். அவருடைய சட்டைப் பையில் இருந்த கடிதத்தின் சனாதனக் கருத்துக்களை நாம் ஏற்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. ஆனால் அந்தத் துப்பாக்கி என்ன சாதித்தது? ஒரு கலெக்டர் செத்தார்; இன்னொரு கலெக்டர் வந்தார். பதினான்கு பேர் மீது வழக்கு நடந்தது. நீலகண்டருக்கு ஏழு வருஷம் சிறை கிடைத்தது. சந்தேகத்துக்கு ஆளானவர்களின் வீடுகளில் போலீஸ் புகுந்தது.

இதற்கு மூன்று வருஷம் முந்தி தூத்துக்குடியில் நடந்ததைப் பாருங்கள். 1908 பிப்ரவரி 27ஆம் தேதி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். தொழிலாளர் கையில் ஒரு ரிவால்வர்கூட இல்லை. பத்தே நாளில் வெள்ளை முதலாளி இறங்கி வந்தான். கூலி உயர்ந்தது, ஞாயிறு ஓய்வு கிடைத்தது. அதனால்தான் சர்க்கார் மிரண்டு வ.உ.சி.யைக் கைது செய்தது. மார்ச் 13ஆம் தேதி திருநெல்வேலியே கொதித்தெழுந்தபோது நால்வரைச் சுட்டுக் கொன்றது. ஏகாதிபத்தியம் எதைக் கண்டு அதிகம் நடுங்கியது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நம் பயத்துக்கு வழி என்ன?

குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இந்த மேலகரம். அவர் படைத்த சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறவன். வயலுக்கும் காட்டுக்கும் உள்ள உறவும் சச்சரவும் நமக்கு நேற்று வந்ததல்ல. மேக்கரையிலும் வடகரையிலும் மலையடிவாரத்து விவசாயி யானையையும் பன்றியையும் நினைத்து இரவெல்லாம் தூங்குவதில்லை. அவனுக்கு வேண்டியது ரிவால்வரா?

காட்டுப்பன்றியை அனுமதியின்றிக் கொன்றால் 1972ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2025 ஜனவரியில் தமிழக சர்க்கார் ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையார் சுடலாம். ஆக, பன்றி அதிகம் வரும் அடிவாரத்து வயலுக்கு இதனால் பெரிய நிவாரணமில்லை. அங்கே நம் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும்: சர்க்கார் செலவில் சூரிய மின்வேலி வேண்டும். அகழி வேண்டும். அழிந்த பயிருக்கு உண்மையான மதிப்பில், தாமதமில்லாமல் நஷ்டஈடு வேண்டும். அதுவரை தெருவுக்கு நான்கு பேராக முறை வைத்து இரவுக்காவல் போவோம்.

கடைக்காரர் பணத்தோடு தனியே வரப் பயப்படுகிறாரா? ஒரே நேரத்தில் கடையடைத்து நான்கு பேராக வரட்டும். தெருவிளக்கு எரியவில்லையா? பேரூராட்சி வாசலில் நூறு பேர் போய் நிற்போம். கொலை மிரட்டல் இருக்கிறதா? எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். தனியாகப் போக வேண்டாம், நாங்கள் கூட வருகிறோம். ஜாதியின் பெயரால் பகை மூட்டுகிறார்களா? இரு தெருக்காரர்களும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்து கூலி பேசட்டும். பகையால் லாபம் அடைகிறவன் யார் என்பது அன்றே வெளிச்சமாகும்.

எனவே நாம் சொல்வது இதுதான். உண்மையான அவசியம் உள்ளவர் சட்டப்படி மனுச் செய்யட்டும். சொத்தில்லை என்று மறுத்தால் எதிர்த்து மேல்முறையீடு செய்யட்டும். அது ஒரு பிரஜையின் உரிமை. மற்றவர்கள், வட்டிக்குக் கடன் வாங்கிப் பழைய இரும்பில் போட நினைக்கும் பணத்தைப் பிள்ளைகளின் படிப்பில் போடுங்கள், கிணற்றில் போடுங்கள், வீட்டுக் கதவில் நல்ல பூட்டாகப் போடுங்கள். கள்ளத் துப்பாக்கித் தரகனை ஊருக்குள் அண்டவிடாதீர்கள்.

ரிவால்வரின் உருளையில் ஆறு குண்டு இருக்கும். ஆறும் தீர்ந்த பிறகு அதை ஏந்தியவன் தனி ஆள். அந்த நிலைமை நம்மில் எவருக்கும் வர வேண்டாம். அடுத்த வாரம் முதல் நடக்கப் போகும் இரவுக்காவலுக்கு, இந்தக் கூட்டம் கலையும் முன்பே தெருவாரியாகப் பெயர் கொடுத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.